வால்ட்டர் வைட் மேல் இருந்த பரிவு உங்களுக்கு எந்த இடத்தில் அறுந்தது? (பிரேக்கிங் பேட் அனுபவங்கள், முழுக்க ஸ்பாய்லர்)

இரவுப்பணி:

முழுசாகப் பார்த்து முடித்தவர்கள் மட்டும் உள்ளே வாங்க. புற்றுநோய் வந்த வேதியியல் வாத்தியார் வால்ட்டர், பழைய மாணவன் ஜெஸ்ஸியோடு சேர்ந்து போதைப்பொருள் காய்ச்சி விற்கப் போன கதை; இங்கே எதையும் மறைத்துப் பேசப்போவதில்லை.

சீசன் 2, 12ஆவது எபிசோட். ஜெஸ்ஸியின் காதலி ஜேன் போதையில் சாகிற இடம். அந்தக் கையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மல்லாந்து கிடக்கிற பெண் வாந்தியில் மூச்சுத் திணறுகிறாள். வால்ட்டர் பதறிக் கட்டிலைச் சுற்றி ஓடுகிறார், கையை நீட்டுகிறார். நீட்டின கை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அப்புறம் அந்த முகத்தில் ஒவ்வொன்றாக வருகிறது: முதலில் திகில், அடுத்து கணக்கு, அடுத்து அழுகை, கடைசியில் எதுவுமே இல்லை. ஒரு வசனம் கிடையாது. அதே எபிசோடில்தான் கைக்குழந்தையைத் தொட்டிலில் ஒருக்களித்துப் போட்டு, முதுகுக்குத் துணியைச் சுருட்டி அண்டக் கொடுக்கிறார், பால் கக்கினால் புரையேறிவிடக் கூடாதே என்று. என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த ஆள் என்பதை நமக்குக் காட்டிவிட்டுத்தான் அந்தக் கட்டிலுக்கு அழைத்துப் போகிறார்கள். ஜெஸ்ஸியை எழுப்ப அவர் உலுக்கினதில்தான் அவள் மல்லாந்தாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சீன் முடிந்ததும் பக்கத்தில் இருந்த என் அறை நண்பன் "அப்பாடா, தொல்லை விட்டது" என்றான். ஜேன் 4,80,000 டாலர் கேட்டு மிரட்டினாள் இல்லையா, அந்தக் கடுப்பு. நல்ல பையன். யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் முதலில் ஓடுகிறவன். அவன் வாயிலிருந்து வந்த அந்த "அப்பாடா" எனக்கு இன்னும் காதில் விழுகிறது. இதைப் பற்றி அவனிடம் பேசினதே இல்லை.

உங்களுக்கு எந்த இடம்?

கணக்குப்பிள்ளை:

எனக்கு ஒரு எண்தான் ஒட்டிக்கொண்டது. 7,37,000.

சீசன் 2 ஆரம்பம். சரக்கு வாங்குகிற டூகோ தன் ஆளையே அடித்துப் போட்ட கொஞ்ச நேரத்தில், அந்தப் பழைய கார்க் கிடங்கில் நின்றபடி வால்ட்டர் வாய்விட்டுக் கணக்குப் போடுகிறார். வீட்டுக் கடன் இரண்டும் சேர்த்து 1,37,000. குடும்பச் செலவு மாதம் 2,000 வீதம் பத்து வருஷத்துக்கு 2,40,000. இரண்டு பிள்ளைகளுக்கும் கல்லூரி வருஷம் 45,000, ஆளுக்கு நாலு வருஷம், 3,60,000. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். இன்னும் பதினோரு தடவை விற்றால் போதும் என்கிறார். குடும்பத்தலைவன் எவனும் குறை சொல்லமுடியாத பட்ஜெட். ஆடம்பரம் ஒன்றுகூட இல்லை.

என் அப்பாவோடு பார்த்தேன். அவருக்கு யார் யார் என்பது குழம்பும், ஆனால் தொகை மறக்காது. ஒவ்வொரு எபிசோட் முடிந்ததும் ஒரே கேள்வி: "இப்போ எவ்வளவு சேந்திருக்கு?" பெரிய வியாபாரி கஸ்ஸிடம் சரக்கு போய் 12 லட்சம் டாலர் வந்தபோது, வக்கீல் சாலுக்கு இருபது சதவீதம் கழித்து, மீதியில் ஜெஸ்ஸியின் பாதியைக் கழித்து, "அப்போ இன்னும் ரெண்டரை லட்சம்தான் பாக்கி, முடிச்சிடுவான்" என்று நிம்மதியாகப் படுக்கப் போனார். மூன்று மாத வேலைக்கு 30 லட்சம் என்று கஸ் சொன்னபோதும், "இதை வாங்கிட்டு விட்டுடச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். நான் போய்ச் சொல்வேன் என்பது போல.

பிறகு சீசன் 5. வால்ட்டரின் மனைவி ஸ்கைலர் அந்த வாடகைக் கிடங்குக்கு அழைத்துப் போய்ப் போர்வையை விலக்குகிறாளே, கட்டில் அளவுக்குப் பணக்குவியல். எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. எண்ணுவதை விட்டுவிட்டாள். ஈரம் படாமல் பார்த்துக்கொள்கிறேன், பூச்சி அரிக்காமல் மருந்து அடிக்கிறேன் என்கிறாள். அப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "பணத்துக்குப் பூச்சி மருந்தா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் பணத்தை எண்ணி வைத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தவர் அவர். அதற்கப்புறம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

வேதியக்கா:

இரவுப்பணி தம்பி, ஜேன் விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அந்த அறையில் அவர் இன்னும் மனிதர்தான். அழுகிறாரே. அறுந்தது அங்கே இல்லை, அதற்கு அப்புறம், பள்ளிக்கூடத்தில்.

நான் வேதியியல் எடுப்பவள். முதல் எபிசோடிலேயே என்னைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். மாற்றத்தைப் படிக்கிற படிப்பு என்று கண்ணில் ஒளியோடு அந்த மனிதர் பாடம் எடுக்கிறார், பையன்கள் பாட்டுக்கு அவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். சாயங்காலம் கார் கழுவும் வேலை; வகுப்புப் பையன் காருக்கே சக்கரம் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவன் கூட வந்தவள் போட்டோ எடுக்கிறாள். அந்தப் பையனை இரண்டு அறை விடலாம் போல இருந்தது எனக்கு.

அதே ஆசிரியர். விமான விபத்து நடந்து 167 பேர் செத்திருக்கிறார்கள், ஆல்புகர்க்கி முழுக்கச் சாம்பலும் சாமானும் கொட்டியிருக்கிறது. ஜேனின் அப்பா விமானக் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர், மகளை இழந்த துக்கத்தோடு வேலைக்குத் திரும்பினார், அதனால் நேர்ந்தது. ஆகவே அந்த 167 பேரும் யார் கணக்கில் வருவார்கள் என்று வால்ட்டருக்குத் தெரியும். சீசன் 3 முதல் எபிசோடில் பள்ளிக்கூட உள்ளரங்கில் பிள்ளைகளை உட்கார வைத்து மனசில் இருப்பதைப் பேசச் சொல்கிறார்கள். மைக் இவர் கைக்கு வருகிறது. நல்ல பக்கத்தைப் பாருங்கள் என்று தொடங்குகிறார். தரையில் யாரும் சாகவில்லை. விமானங்கள் நிறைந்திருக்கவில்லை. 1977இல் டெனரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதிக்கொண்டன, அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பட்டியலில் இது ஐம்பதாவது இடம்தான்.

இது எனக்கு ஏன் உறுத்துகிறது என்றால், இதே பேச்சை நான் நேரில் கேட்டிருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு பையன் தவறிப்போனான். இரங்கல் கூட்டம். மேடையில் பேசவந்த பெரிய மனிதர், வேறு இடங்களோடு ஒப்பிட்டால் நம் நிலைமை எவ்வளவோ தேவலை என்று எண்ணிக்கை சொன்னார். முன்வரிசையில் அந்தப் பையனின் அக்கா உட்கார்ந்திருந்தாள். சாதாரண மனிதர்தான் அவர், யாரையும் கொன்றவர் அல்ல. ஆனால் வால்ட்டர் மைக்கைப் பிடித்ததும் எனக்கு அவர் குரல்தான் கேட்டது. அதற்குமேல் அந்த எபிசோடை அன்றைக்கு ஓட்டவில்லை.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அந்த நீல நிறம் கதைக்காகச் செய்தது. சுத்தமான படிகத்துக்கு நிறமே கிடையாது. வகுப்பில் ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள்.

ரிமோட் ராஜா:

எல்லோருடைய அனுபவமும் அருமை. எனக்குப் பிடித்த இடம், சரக்கு காய்ச்சத் தேவையான மெத்திலமைனை ட்ரெயினிலிருந்து திருடிவிட்டுக் குதிக்கிறார்கள், பைக்கில் வந்த பையனைச் சுட்டுவிடுகிறான் கூட வந்த டாட். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று கவனித்தேன், இங்கே நிறையப் பேர் இதைப் பார்க்கவேண்டிய விதத்தில் பார்க்கவில்லை. ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். மொத்தம் 62 எபிசோட். 2008 ஜனவரியில் தொடங்கி 2013 செப்டம்பரில் முடிந்தது. அஞ்சரை வருஷத்துக்கு மேல் இழுத்த சரிவை ஒரு வாரத்தில் விழுங்கினால் சரிவே தெரியாது, பள்ளம்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். முதல் சீசன் ஏழு எபிசோடில் முடிந்ததே என்று குழம்பாதீர்கள், அமெரிக்காவில் அப்போது எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். உடுப்பின் நிறத்தைக் கவனியுங்கள்: வால்ட்டர் மங்கலான பழுப்பில் தொடங்கிக் கறுப்புக்குப் போவார். ஸ்கைலரின் தங்கை மேரிக்குப் பெரும்பாலும் ஊதா. சீசன் 3இல் ஈ பறக்கிற எபிசோடை யாரும் தாண்டிப் போகாதீர்கள். கதை நகரவில்லை என்று திட்டுகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தூக்க மாத்திரை மயக்கத்தில் வால்ட்டர் ஜெஸ்ஸியிடம் ஜேன் விஷயத்தை உளறிவிடுவாரோ என்று நாம் நகம் கடிப்பதே அங்கேதான். நான் எப்போது செத்திருக்கவேண்டும் என்று அவரே நாள் குறித்துச் சொல்கிறார் பாருங்கள், அது ஜேன் செத்த அதே ராத்திரி, கொஞ்சம் முன்னால். 'பெட்டர் கால் சால்' சீரியலை இதற்கு முன்னால் பார்க்காதீர்கள், பின்னால்தான். அது 2015 முதல் 2022 வரை வந்தது. முன்கதைதான், இருந்தாலும் பின்னால்தான். எல் கமினோ படம் அதற்கும் முன், பிரேக்கிங் பேட் முடிந்த சூட்டோடு. சாப்பிட்டுக்கொண்டு பார்க்காதீர்கள், முதல் சீசனில் பிணத்தைக் கரைக்கிற குளியல் தொட்டி சமாச்சாரம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் தூங்கினபிறகு போடுங்கள். அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை அணைத்து வையுங்கள். பார்த்து முடித்ததும் உடனே இன்னொரு சீரியலில் இறங்காதீர்கள், எதுவும் எடுபடாது. வால்ட்டர் தொப்பி வாங்காதீர்கள்.

இரவுப்பணி:

ராஜா அண்ணே, பார்த்து முடித்தவர்கள் மட்டும் வாங்க என்றுதான் மேலே போட்டிருக்கிறேன். யாருக்கு இந்த ஆலோசனை?

ரிமோட் ராஜா:

திரும்பப் பார்ப்பவர்களுக்கு.

பழைய ரசிகன்:

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒரு மறுப்பு. 7,37,000 எல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம். நீங்களும் உங்கள் அப்பாவும் அதை நம்பிவிட்டீர்கள். முதல் சீசன் ஐந்தாவது எபிசோடைத் திரும்பப் பாருங்கள். பழைய கூட்டாளி எலியட் வேலையும் தருகிறேன், வைத்தியச் செலவு முழுக்கப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அவன் மனைவி கிரெட்சனும் போன் போட்டுக் கேட்கிறாள். பணம்தான் பிரச்சினை என்றால் கதை அங்கேயே முடிந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே ஜெஸ்ஸி வீட்டு வாசலுக்குப் போகிறார். இது பேராசையா? வீம்பு.

எலியட்டோடு தொடங்கின கம்பெனியில் தன் பங்கை 5,000 டாலருக்கு விற்றுவிட்டு வெளியே வந்தவர். அந்தக் கம்பெனி இப்போது 216 கோடி டாலர் பெறும் என்று ஜெஸ்ஸியிடம் சொல்கிறாரே சீசன் 5இல், வாராவாரம் எடுத்துப் பார்க்கிறேன் என்று. எனக்கு உறுத்துவது அந்த "வாராவாரம்"தான். புற்றுநோய் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலிருந்தே, பாடம் எடுத்துவிட்டு, கார் கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்து அதைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நல்ல மனிதர் கெட்டுப்போன கதை என்கிறார்கள். அவர் கெட்டுப்போகவில்லை, வாய்ப்பு வந்தது. இந்த சீரியலை உருவாக்கின வின்ஸ் கில்லிகன் ஆயிரம் தடவை வாத்தியாரைத் தாதாவாக்குகிறேன் என்று பேட்டி கொடுத்திருக்கலாம். கதை என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு.

சொந்த அனுபவம் கேட்டீர்கள். என் உறவில் ஒருவர் இருக்கிறார். கூட்டுத் தொழிலிலிருந்து சண்டை போட்டு வெளியே வந்தார். கூட்டாளி இப்போது பெரிய ஆள். இவருக்கு ஒன்றும் குறைவில்லை, ஆனால் அந்தக் கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவார். அந்த எபிசோடை அவர் வீட்டில் பார்த்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவர் எபிசோட் முடிந்தபிறகுதான் வந்தார்.

கணக்குப்பிள்ளை:

வீம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொழிலை விட்டால் கிடைத்திருக்கும் 50 லட்சம் டாலரை வீம்புக்கு வேண்டாம் என்றவர், பாலைவனத்தில் எட்டுக் கோடியைப் பீப்பாயில் அடைத்துப் புதைத்து, இடத்தை லாட்டரிச் சீட்டு எண்களாக எழுதிச் சமையலறையில் ஒட்டி வைக்கிறாரே, அது என்ன? பணம் வேண்டாதவன் செய்கிற வேலையா?

பழைய ரசிகன்:

வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் அவருக்கு மதிப்பெண். எவ்வளவு வந்தாலும் முதல் ரேங்க் எலியட்தான்.

தேவகி ரா:

எல்லாரும் வால்ட்டர் எப்போ கெட்டான்னே பேசிக்கிட்டு இருக்கீங்க. நான் ஸ்கைலருக்காக வந்தேன்.

சீசன் 5, வால்ட்டரோட 51ஆவது பிறந்தநாள். எல்லாரும் உக்காந்து பேசிட்டிருக்கும்போது அவ பாட்டுக்கு எழுந்து நீச்சல் குளத்துக்குள்ள நடந்து போறா. அதுக்கப்புறம் பெட்ரூம் சண்டை. என்கிட்ட வழி எதுவும் இல்ல, காத்திருக்கிறது மட்டும்தான் என்னால முடியும்னு சொல்றா. எதுக்குன்னு கேக்குறான். கேன்சர் திரும்பி வர்றதுக்குன்னு சொல்றா.

எங்க வீட்டுக்காரர் அந்த இடத்துல ரிமோட்டை எடுத்து நிறுத்திட்டார். "ஒரு பொண்டாட்டி சொல்ற வார்த்தையா இது"ன்னார். மனுஷன் ஜேனுக்கு நிறுத்தல. கூட வேலை பார்த்த கேல் கதவைத் திறந்துட்டுத் துப்பாக்கி முன்னாடி நின்னானே, அதுக்கு நிறுத்தல. ஜெஸ்ஸி பாசமா இருந்த ப்ராக் குழந்தை விஷம் ஏறி ஆஸ்பத்திரியில கிடந்துச்சு, வால்ட்டர் வீட்டுக் கொல்லைப்புறத்துல அந்த விஷச்செடித் தொட்டியையும் காட்டிட்டாங்க, "என்ன மூளைடா"ன்னு ரசிச்சார். புருஷன் சாகணும்னு ஒருத்தி சொன்னதும் நிறுத்திட்டார்! நான் எதுவும் பேசல. திரும்ப ஓட விட்டார், பார்த்தோம். அன்னைக்கு ராத்திரி அவர் தூங்கினப்புறம் ரொம்ப நேரம் முழிச்சுக்கிட்டிருந்தேன்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. ஸ்கைலரா நடிச்ச அன்னா கன் 2013 ஆகஸ்ட்ல நியூயார்க் டைம்ஸ்ல ஒரு கட்டுரையே எழுதினாங்க. கதாபாத்திரத்து மேல இருந்த வெறுப்பு தன் மேலயே திரும்பி, கொலைமிரட்டல் அளவுக்குப் போனதைச் சொல்லி. அவன் கொன்னவங்க லிஸ்ட் நீளுது, கோவம் எல்லாம் "நொய்நொய்னு பேசுறா"ன்னு இவ மேல. அதே நடிப்புக்கு அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எம்மி வாங்கினாங்க, அது தனி.

மஞ்சள்பை:

தேவகி மேடம், ஸ்கைலரும் ஒன்றும் உத்தமி இல்லையே. தன் முதலாளி டெட்டுக்கு 6 லட்சத்துச் சொச்சம் எடுத்துக் கொடுத்தாள், கார் வாஷை வைத்துப் பணத்தை வெளுத்தாள்.

தேவகி ரா:

சரிதான் தம்பி. அவளையும் பிடிச்சு உள்ள போடுங்க. நான் கேட்டது அது இல்ல. வீட்டுக்காரர் எந்த இடத்துல ரிமோட்டை எடுத்தார்ங்கிறதுதான்.

அக்காவின் தம்பி:

நான் இதை முழுசாகப் பார்க்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்காவுக்குக் கீமோ ஓடும்போது நேரம் போகவேண்டும் என்று போனில் பார்ப்போம். ஆளுக்கொரு காதில் இயர்போன். புற்றுநோய்க் கதை என்று தெரிந்திருந்தால் போட்டிருக்கவே மாட்டேன். அவள்தான் "இருக்கட்டும், ஓடட்டும்" என்றாள். சீசன் 2இல் டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, கட்டி எண்பது சதவீதம் சுருங்கிவிட்டது என்கிறார். வீடே அழுகிறது, கட்டிப்பிடிக்கிறார்கள். வால்ட்டர் பாத்ரூமுக்குப் போகிறார். கை துடைக்கிற காகிதம் வருமே, அந்தத் தகரப் பெட்டியில் தன் முகம் தெரிவதைப் பார்க்கிறார். குத்து குத்து என்று குத்தி நசுக்குகிறார்.

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. நல்ல சேதிக்கு என்ன கோபம்? அக்காதான் சொன்னாள்: "சாகப்போறேன்னு சொல்லிச் சொல்லியே எல்லாத்தையும் பண்ணிட்டான்ல. இப்போ என்ன சொல்லுவான்?" ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த கையை ஆட்டாமல், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். நர்ஸ் வந்து வேறு பாட்டில் மாற்றினார்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், கேட்பீர்கள் என்று சொல்கிறேன். மீதியை அவள் பார்த்துவிட்டாள். எனக்குத்தான் போட மனசு வரவில்லை.

வேதியக்கா:

தம்பி, மீதியைப் பாருங்கள். அந்த நசுங்கின பெட்டி ரொம்பப் பின்னால் ஒரு தடவை திரும்ப வரும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார். அக்காவையும் கூட உட்கார வையுங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று இங்கே வந்து எழுதுங்கள்.

ஊர்சுற்றி:

சென்ற ஆண்டு நியூ மெக்ஸிகோ பக்கம் போகும் வேலை இருந்தது, ஆல்புகர்க்கியில் கஸ் கடையாகக் காட்டின உணவகத்துக்குப் போனேன். அங்கே ஒரு சிறுவன், எட்டு வயது இருக்கலாம், கறுப்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மையால் வரைந்த குறுந்தாடி. அப்பா போட்டோ எடுக்கிறார். "சிரிக்காதே, முறை" என்று சொல்லிக்கொடுக்கிறார். பையனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வால்ட்டர் வீடாகக் காட்டின வீட்டுக்குப் போகவில்லை. அது நிஜமாகவே ஒரு குடும்பம் வாழ்கிற வீடு. கூரையில் பீட்சா வீசுகிறார்கள் என்று கில்லிகனே 2015இல் நிறுத்தச் சொல்லித் திட்டினார், பிறகு சுற்றி வேலி போட்டுவிட்டார்கள்.

அந்தப் பையனைப் பார்த்து எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. அழகாகத்தான் இருந்தான். அவன் வயதுக் குழந்தை ஒன்றுக்கு அந்தத் தொப்பிக்காரர் என்ன செய்தார் என்பது அந்த அப்பாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று மட்டும் யோசித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மஞ்சள்பை:

யாரும் சீசன் 5இன் ஓசிமாண்டியாஸ் எபிசோட் பக்கம் வரவில்லையே. அந்த போன் கால். ஸ்கைலரைக் கண்டபடி திட்டுகிறார், பக்கத்தில் போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று போலீஸை நம்ப வைக்கத்தான் அந்தத் திட்டு. திட்டும்போதே அழுகிறார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மறுபடி மரியாதை வந்தது. மேரியின் கணவன் ஹாங்க் உயிருக்காக மொத்த எட்டுக் கோடியையும் கும்பல் தலைவன் ஜாக்கிடம் நீட்டினாரே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேராசைக்காரன் செய்வானா?

தேவகி ரா:

நாடகம்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த வார்த்தையெல்லாம் எங்கேருந்து வந்துச்சு தம்பி? யோசிச்சு எழுதிப் படிக்கல. வாயில ரெடியா இருந்துச்சு.

இரவுப்பணி:

மஞ்சள்பை, அதே எபிசோடில் போன் காலுக்கு முன்னால் என்ன நடந்தது? ஹாங்க் செத்தாச்சு. பீப்பாய்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு ஒன்றே ஒன்றை இவருக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள். கார் அடியில் ஒளிந்திருக்கிற ஜெஸ்ஸியை இவரே காட்டிக்கொடுக்கிறார். அவனை இழுத்துப் போகிற நேரத்தில் நிறுத்தி, ஜேன் செத்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன், காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றவில்லை என்று சொல்கிறார். கேட்டார்களா? யாரும் கேட்கவில்லை. சொன்னதால் ஒரு டாலர் லாபம் இல்லை. அந்தக் கட்டிலண்டை அழுத ஆள்தான் வேதியக்கா இது. அந்த அழுகையை எடுத்துக் கத்தி மாதிரி செருகுகிறார்.

கில்லிகன் முதலில் யோசித்தபோது ஜேனுக்கு வால்ட்டரே ஊசி போடுவதாக இருந்ததாம், சீசன் 2க்கு அது அதிகம் என்று மாற்றினார்கள். சும்மா நின்று பார்ப்பதுதான் அதைவிட மோசம் என்பது என் கட்சி. ஊசி போட்டிருந்தால் என் நண்பன் "அப்பாடா" சொல்லியிருக்க மாட்டான்.

வேதியக்கா:

சரி, அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த மைக் பேச்சு என் கணக்கில் அப்படியே இருக்கட்டும்.

பனிக்குடிசை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குக் கடைசிக்கு முந்தின எபிசோட். நியூ ஹாம்ப்ஷயர் பனிக்காட்டில் வால்ட்டர் ஒளிந்திருக்கிற ஒரு குடிசை. கூட யாரும் இல்லை, ஒரு பீப்பாய் நிறைய ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் மட்டும் இருக்கிறது. டிவி எடுக்காது, ஒரே படத்துக்கு இரண்டு டிவிடி. மாதம் ஒரு தடவை சாமான் கொண்டுவரும் அந்த வாக்குவம் கிளீனர்க் கடைக்காரர்தான் கீமோ மருந்தும் ஏற்றிவிடுகிறார். அவர் கிளம்பும்போது, இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறீர்களா, பத்தாயிரம் டாலர் தருகிறேன் என்கிறார் வால்ட்டர். அந்த ஆள் யோசித்துவிட்டு, பத்தாயிரத்துக்கு ஒரு மணி நேரம் என்கிறார். பேரம்! சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள்.

நான் வெளிநாட்டில் தனியாக இருந்த காலத்தில் பார்த்தது. பார்சல் கொண்டுவந்து கொடுக்கும் ஒரு பெரியவரிடம் தேவையில்லாமல் இரண்டு வார்த்தை அதிகம் பேசுவேன். அவருக்கு நேரம் ஆகும், இருந்தாலும் நிற்பார். அந்த சீனைப் பார்த்த மறுநாள் அவர் வந்தார். என்னால் எதுவும் பேச முடியவில்லை, கையெழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். அவர் என்ன நினைத்தாரோ.

நான் செத்துப்போனால் இந்தப் பணத்தை என் குடும்பத்துக்குக் கொடுப்பீர்களா என்று வால்ட்டர் கேட்கிறார். கொடுப்பேன் என்று சொன்னால் நம்புவீர்களா என்று அவர் திருப்பிக் கேட்கிறார். கணக்குப்பிள்ளை சார், உங்கள் அப்பா இதைப் பார்த்தாரா?

கணக்குப்பிள்ளை:

பார்த்தார். "அந்தப் பத்தாயிரத்துல அவன் போக்குவரத்துச் செலவும் அடக்கமா?" என்றார்.

பழைய ரசிகன்:

அங்கேயே முடித்திருக்கலாம் என்பது என் கருத்து. மதுக்கடை போனிலிருந்து மகனைக் கூப்பிட்டு, ஒரு லட்சம் டாலர் அனுப்புகிறேன் என்கிறார். நீ இன்னும் சாகவில்லையா, செத்துத் தொலையேன் என்று ஃப்ளின் கத்துகிறான். அதுதான் நியாயமான முடிவு. அதற்குமேல் ஒரு எபிசோட் கொடுத்து, எல்லாவற்றையும் அவர் நினைத்தபடியே நடத்திக் கொடுக்கிறார்கள். எலியட்டை மிரட்டி 97,20,000 டாலரைப் பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்கிறார். தொழில் கூட்டாளி லிடியாவுக்கு விஷம் சரியாகப் போய்ச் சேர்கிறது. ரிமோட்டை அமுக்கினால் துப்பாக்கி சுடுகிறது. எனக்காகத்தான் செய்தேன் என்று ஸ்கைலரிடம் ஒரு வரி சொன்னதும் குழந்தையைத் தொட்டுப் பார்க்க விடுகிறாள். இத்தனை பேர் வீட்டில் இழவு விழ வைத்தவனுக்கு இவ்வளவு சலுகையா?

தேவகி ரா:

அந்த ஒரு வரிக்காக அவ எவ்வளவு நாளா காத்திருந்தா தெரியுமா? கடைசி எபிசோட் வேணாம்னா அந்த வரியும் கிடையாது. உங்களுக்கு வேணாம்னா நீங்க பார்க்காதீங்க.

ரிமோட் ராஜா:

பழைய ரசிகன் சார், கடைசி எபிசோடை முந்தினதோடு ஒரே நாளில் சேர்த்துப் பார்த்தீர்களா? அதனால்தான் அப்படித் தோன்றுகிறது. நடுவில் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.